ஒரு சர்வர், பதினாயிரம் மேசைகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

ரயில் டிக்கெட் எடுப்பதும், தேர்வு முடிவு பார்ப்பதும், கல்லூரியில் சேர விண்ணப்பிப்பதும் இன்று கணிப்பொறி வலையமைப்பின் வழியே நடைபெறுகின்றன. இவை ஒவ்வொன்றிலும் மறுமுனையில் ஒரு சர்வர் இருந்து விடை சொல்கிறது. ஒரே வேளையில் பல்லாயிரம் பேர் கேட்டால் அது எப்படி ஈடுகொடுக்கிறது? "பெரிய கணிப்பொறி, வேகமான கணிப்பொறி, அதனால் முடிகிறது" என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி விடையே. சர்வரின் பெரும்பாலான நேரம் வேலையில் கழிவதில்லை, காத்திருப்பதில் கழிகிறது. அந்தக் காத்திருப்பை அது எவ்வாறு நடத்துகிறது என்பதே முதன்மையான கேள்வியாகும். இதற்கு விடையாக அமைந்தது, நிகழ்வு வழி இயங்கும், தடுத்து நிறுத்தாத உள்ளீடு வெளியீட்டு முறை. அதனை நம் பாடப்புத்தகச் சொற்களை விட எளிய சொற்களில் விளக்க முயல்கிறேன்.

காத்திருப்பு எவ்வளவு?

முதலில் ஒரு சிறு கணக்கைக் காண்போம். சென்னைக்கும் டில்லிக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,750 கி.மீ. கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். எனவே சென்னையிலிருந்து ஒரு செய்தி டில்லிக்குப் போய், விடை திரும்பி வர, 3,500 கி.மீ. தூரத்திற்குக் குறைந்தது 17.5 மில்லிவிநாடி ஆகும். வழியில் உள்ள கருவிகளின் தாமதம் இதில் சேரவில்லை.

17.5 மில்லிவிநாடி நமக்குக் கண் இமைப்பதை விடக் குறைவு. ஆனால் விநாடிக்கு 300 கோடி துடிப்புகள் கொண்ட ஒரு செயலிக்கு அது 5 கோடியே 25 லட்சம் துடிப்புகள்! ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு விடைக்காக வெறுமனே நிற்கும் நிரல், இத்தனை துடிப்புகளையும் தான் பயன்படுத்தாமல் விடுகிறது. மறுமுனையில் இருப்பவரின் செல்பேசிக்குச் சிக்னல் குறைவாக இருந்தால் இந்த நேரம் மில்லிவிநாடிகளில் நில்லாது. பல விநாடிகளாக நீளும்.

ஓட்டல் சர்வர் காட்டும் வழி

"சர்வர்" என்னும் சொல் தமிழ்நாட்டில் கணிப்பொறிக்கு முன்பே ஓட்டலுக்கு வந்துவிட்டது. 1964 இல் நாகேஷ் நடித்து வெளிவந்த "சர்வர் சுந்தரம்" படத்தின் பெயரே அதற்குச் சான்று. நம் பொருளை விளக்கவும் அந்த ஓட்டல் சர்வரே ஏற்றவர்.

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணியில் ஓர் ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். காவடி எடுத்து மலையேறி இறங்கிய கூட்டம் மேசைதோறும் அமர்ந்திருக்கிறது. அங்கே சர்வர் என்ன செய்கிறார்? முதல் மேசையில் "இரண்டு மசால் தோசை" என்று கேட்டதும் உள்ளே சொல்கிறார். தோசை வேகும் வரை அடுப்பருகே நிற்பதில்லை. அடுத்த மேசைக்குப் போகிறார். அங்கே குடும்பத்தார் என்ன சாப்பிடுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தால், "பேசி முடித்துக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் மேசைக்குத் தண்ணீர் வைக்கிறார். "மசால் ரெடி" என்று உள்ளிருந்து குரல் வந்ததும் எடுத்து வந்து முதல் மேசையில் வைக்கிறார். குரல் வந்தால் போகிறார். வராத இடத்தில் நிற்பதில்லை. ஒருவரே பத்து மேசைகளைப் பார்த்துக்கொள்வது இப்படித்தான்.

இதற்கு மாறாக, மேசைக்கு ஒரு சர்வர் என்று முதலாளி நியமித்து, உட்கார்ந்தவர் எழுந்து போகும் வரை அந்தச் சர்வர் அங்கேயே நிற்க வேண்டும் என்று விதித்தால் என்ன ஆகும்? நாற்பது மேசைக்கு நாற்பது பேர் வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் பெரும்பாலான நேரம் சும்மா நிற்பர். நாற்பத்தோராவதாக வருபவர் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். நெடுங்காலம் பல வலைச் சர்வர்கள் இந்த இரண்டாவது முறையிலேயே இயங்கின.

ஆளுக்கொரு த்ரெட்

இரு கணிப்பொறிகளுக்கு இடையேயான இணைப்பின் ஒரு முனைக்குச் சாக்கெட் என்று பெயர். நம் நிரல் ஒரு சாக்கெட்டிலிருந்து படிக்க முயலும்போது, மறுமுனையிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை என்றால், இயங்குதளத்தின் கெர்னல் அந்த நிரலை உறங்க வைத்துவிடும். செய்தி வந்த பிறகே எழுப்பும். இதுவே தடுத்து நிறுத்தும் முறை. எழுதுவதற்கு எளியது, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்தாலே புரியும்.

ஆனால் ஒரே நிரல் பலருக்கு விடை சொல்ல வேண்டுமாயின், ஒருவருக்காக உறங்கும்போது மற்றவர் கதி என்ன? எனவே ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறை அல்லது ஒரு த்ரெட் என்று வைத்தனர். உறங்கும் த்ரெட் செயலியின் நேரத்தைச் செலவழிப்பதில்லை என்பது உண்மை. ஆயினும் அதற்கென ஒதுக்கிய நினைவகம் அதனிடமே இருக்கிறது. ஒரு த்ரெட்டை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும் மாற்றுவேலையும் செயலிக்கு உண்டு.

இதன் அளவை நம் நாட்டு எண் ஒன்றால் அறியலாம். இணையவழி ரயில் டிக்கெட் சேவையை ஐ.ஆர்.சி.டி.சி. 2002 இல் தொடங்கியது. 2013 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்ட ரயில்வே பட்ஜெட் உரையில், அப்போது ஒரே வேளையில் 40,000 பேரைத் தாங்கிய அமைப்பு இனி 1,20,000 பேரைத் தாங்கும். நிமிடத்திற்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆகும் என்று அறிவிக்கப்பட்டது. அதன்படி அமைந்த புதிய அமைப்பு 2014 இல் செயலுக்கு வந்தது. இங்கே நான் எடுத்துக்கொள்வது அந்த 1,20,000 என்னும் எண்ணை மட்டுமே.

ஆளுக்கொரு த்ரெட் என்று வைப்போம். 64 பிட் லினக்ஸில் ஜாவா மொழி ஒரு த்ரெட்டின் அடுக்கு நினைவகத்திற்கு இயல்பாக 1 மெகாபைட் ஒதுக்கும். அப்படியானால் 1,20,000 பேருக்கு 1,20,000 மெகாபைட். அதாவது சுமார் 117 கிகாபைட். இது முகவரி அளவிலான ஒதுக்கீடு. முழுவதும் உடனே செலவாகிவிடாது. ஆயினும் சுமை இன்னதென்று புலப்படும். மாறாக, ஒவ்வோர் இணைப்பைப் பற்றியும் "இவர் எதுவரை கேட்டார், நாம் எதுவரை சொன்னோம்" என்னும் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டால், ஆளுக்கு 4 கிலோபைட் என்று தாராளமாகக் கொண்டாலும் மொத்தம் 470 மெகாபைட்டுக்குள் அடங்கும். கெர்னல் தன் பங்குக்கு வைத்துக்கொள்ளும் பஃபர் இடம் இரு முறைகளுக்கும் பொது.

கெர்னல் தரும் உதவி

ஓட்டல் சர்வரைப் போல நம் நிரலும் நடக்க இரண்டு வசதிகள் தேவை. முதலாவது, சாக்கெட்டைத் தடுத்து நிறுத்தாத நிலைக்கு மாற்றுதல். அதன் பின், செய்தி வராத சாக்கெட்டிலிருந்து படிக்க முயன்றால் கெர்னல் உறங்க வைக்காது. "இப்போது ஒன்றும் இல்லை, பிறகு கேள்" என்று உடனே திருப்பி அனுப்பிவிடும். இரண்டாவது, "எந்தெந்தச் சாக்கெட்டில் செய்தி வந்திருக்கிறது?" என்று ஒரே முறையில் கேட்டு அறியும் வழி.

இந்த இரண்டாவது வசதிக்கு ஒரு வரலாறு உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983 இல் வெளியிட்ட யூனிக்ஸ் 4.2 பி.எஸ்.டி.யில் "செலக்ட்" என்னும் அழைப்பு வந்தது. அதில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு முறையும் எல்லாச் சாக்கெட்டுகளின் பட்டியலையும் கெர்னலிடம் கொடுக்க வேண்டும். கெர்னலும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பதினாயிரம் இணைப்புகளில் பத்தில் மட்டும் செய்தி வந்திருந்தாலும் பதினாயிரத்தையும் பார்த்தாக வேண்டும். எல்லா மேசைகளையும் சுற்றிவந்து "உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்பதற்கு இது ஒப்பாகும். லினக்ஸில் வழக்கமான அமைப்பில் செலக்ட் 1,024 எண்களுக்கு மேல் கையாளாது என்ற வரம்பும் சேர்ந்துகொண்டது.

1999 இல் டான் கேகல் என்னும் அமெரிக்க நிரலாளர், ஒரே சர்வர் ஒரே வேளையில் பதினாயிரம் பேரைக் கவனிக்க வேண்டும். கருவிகளுக்கு அந்த வலிமை வந்துவிட்டது, மென்பொருள்தான் பின்தங்கியிருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். "சி-10-கே சிக்கல்" என்று அது பெயர் பெற்றது. 2000 இல் ஃப்ரீ பி.எஸ்.டி.யில் ஜோனதன் லெமன் அமைத்த "கே-க்யூ"வும், 2002 இல் லினக்ஸ் கெர்னலில் டாவிடே லிபென்சி சேர்த்த "ஈ-போல்" வசதியும் விடையாக வந்தன. இவற்றில் கவனிக்க வேண்டிய சாக்கெட்டை ஒரு முறை பதிந்துவிட்டால் போதும். பின்னர்க் கேட்கும்போது, செய்தி வந்தவற்றை மட்டும் கெர்னல் தரும். சர்வர் மேசை மேசையாகச் சுற்ற வேண்டியதில்லை. குரல் வந்த மேசைகளின் சீட்டு அவர் கைக்கே வந்துவிடும்.

நிகழ்வுச் சுழற்சி

இவ்வசதிகளைக் கொண்டு எழுதப்படும் சர்வரின் உள்ளமைப்பு மிகச் சிறியது. அதனை நான்கு படிகளில் சொல்லலாம்.

1. செய்தி வந்த சாக்கெட்டுகள் எவை என்று கெர்னலிடம் கேள். ஒன்றும் இல்லையெனில் இந்த ஓரிடத்தில் மட்டும் உறங்கு.

2. வந்த பட்டியலில் புதிய இணைப்பு இருந்தால் ஏற்றுக்கொண்டு, அதனையும் கவனிப்புப் பட்டியலில் பதி.

3. பழைய இணைப்பில் செய்தி வந்திருந்தால், இருக்கும் அளவு படி. கேள்வி முழுமையானால் விடை எழுது. முழுமையாகவில்லை என்றால் வந்த வரையில் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போ.

4. மீண்டும் முதல் படிக்குச் செல்.

இதற்கே நிகழ்வுச் சுழற்சி என்று பெயர். ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004 இல் வெளியிட்ட "என்ஜின் எக்ஸ்" சர்வர் இந்த அடிப்படையில் அமைந்தது. வேலையின்றித் திறந்திருக்கும் 10,000 இணைப்புகளுக்குச் சுமார் 2.5 மெகாபைட் நினைவகமே ஆகும் என்று அதன் விளக்கக் குறிப்பு கூறுகிறது. ரயன் டால் 2009 இல் வெளியிட்ட "நோட் ஜே.எஸ்." இம்முறையை ஜாவாஸ்கிரிப்ட் அறிந்த எவரும் கையாளும்படி செய்தது. 2012 ஜனவரியில் வாட்ஸ்அப் நிறுவனம், ஃப்ரீ பி.எஸ்.டி. இயங்கும் தன் ஒரே கணிப்பொறியில் 20 லட்சத்திற்கு மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கிக் காட்டியதாக அறிவித்தது. பதினாயிரத்தைச் சிக்கல் என்று சொல்லிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இது நிகழ்ந்தது.

மெதுவாக வருபவரின் இடம்

இதுவரை கூறியவை பெரிய எண்களைப் பற்றியவை. என்னை இப்பொருளுக்கு இழுத்தது வேறொன்று. தடுத்து நிறுத்தும் முறையில் சர்வருக்கு அதிகச் செலவு வைப்பவர் யார்? நிறையக் கேட்பவர் அல்லர், மெதுவாகக் கேட்பவர்.

அரசு கலைக் கல்லூரிகளில் சேர இன்று இணையவழியே விண்ணப்பிக்கிறோம். என் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். சான்றிதழ்களைப் படமெடுத்து ஏற்றுவது எப்படி என்று அருகிலிருந்து சொல்ல எவரும் இல்லை; கையிலிருந்ததோ ஒரு பழைய செல்பேசி. நம்மில் பலருக்கும் இதே நிலைதான். மணவூரில் ரயில் ஏறி அரக்கோணம் வழியாகத் திருத்தணி வரும் ஒருவர், வழியில் அப்படி ஒரு படத்தை ஏற்றுகிறார் என்று கொள்வோம். ரயில் ஓட ஓட அவருடைய செல்பேசி ஒரு கோபுரத்தை விட்டு இன்னொரு கோபுரத்துக்கு மாறுகிறது. படம் துண்டு துண்டாகப் போய்ச் சேருகிறது. நகரத்தில் நல்ல இணைப்பு உள்ளவருக்கு ஒரு விநாடியில் முடிவது, இவருக்கு ஒரு நிமிடம் ஆகிறது. இருவரும் அனுப்பியது ஒரே அளவுள்ள படம். ஆனால் த்ரெட் முறையில் இவர் ஓர் இருக்கையை அறுபது மடங்கு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அப்போது சர்வரை நடத்துபவர் முன் உள்ள வழிகள் யாவை? இருக்கைகளைக் கூட்டலாம், செலவாகும். அல்லது மெதுவாக வருபவரின் இணைப்பை இடையில் துண்டித்துவிடலாம், செலவில்லை. இரண்டாவது வழியில் துண்டிக்கப்படுபவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்வு முறையிலோ, மெதுவாக வருபவர் பிடித்திருப்பது சில கிலோபைட் குறிப்பு மட்டுமே. அவருடைய அடுத்த துண்டு வரும் வரை சர்வர் மற்றவரைக் கவனிக்கிறது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அவரால் பிறருக்குத் தாமதம் இல்லை; பிறருக்காக அவரை வெளியேற்ற வேண்டிய அவசரமும் இல்லை.

இது வெறும் கற்பனை அன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2009 இல் ராபர்ட் ஹேன்சன் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் "ஸ்லோ லோரிஸ்" என்னும் நிரலை வெளியிட்டார். நம் தேவாங்கின் உறவான, மெல்ல நகரும் விலங்கின் பெயர் அது. அந்த நிரல் பல இணைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் கேள்வியை முடிக்காமல் சிறிது சிறிதாக அனுப்பிக்கொண்டே இருக்கும். இணைப்புக்கு ஒரு செயல்முறை அல்லது த்ரெட் என்று இயங்கிய அன்றைய அப்பாச்சி சர்வர், சில நூறு இணைப்புகளிலேயே இருக்கை தீர்ந்து நின்றது. ஒரே ஒரு சாதாரணக் கணிப்பொறி அதற்குப் போதுமானதாக இருந்தது. நிகழ்வு முறையில் இயங்கிய சர்வர்கள் இதனை எளிதில் தாங்கின. 2012 இல் வந்த அப்பாச்சி 2.4 பதிப்பில் நிகழ்வு அடிப்படையிலான அமைப்பு முழுமை பெற்று இடம்பெற்றது.

குறைகளும் உண்டு

எந்த முறைக்கும் ஒரு விலை உண்டு. நிகழ்வுச் சுழற்சியில் சர்வர் ஒருவரே. அவர் ஒரு மேசையில் உட்கார்ந்து கதை பேசத் தொடங்கினால் ஓட்டலே நின்றுவிடும். அதுபோல, ஒருவருடைய கேள்விக்காக நிரல் இரண்டு விநாடி நீளும் கணக்கைச் செய்தால், அந்த இரண்டு விநாடியும் மற்ற எல்லோரும் நிற்க வேண்டும். படத்தைச் சுருக்குதல், பெரிய பட்டியலைத் தரவரிசைப்படுத்துதல் போன்றவற்றைச் சுழற்சிக்கு வெளியே வேறு த்ரெட்டுகளுக்கு அனுப்புவதே முறை. தோசை சுடச் சர்வர் போவதில்லை. அதற்கு மாஸ்டர் இருக்கிறார்.

வட்டில் உள்ள கோப்பைப் படிப்பதும் இவ்வகையே. சாக்கெட்டுக்குப் பயன்படும் "வந்ததா?" என்னும் கேள்வி சாதாரணக் கோப்புகளுக்குப் பயன்படுவதில்லை. 1999 இல் விவேக் பாய், டிரஷல், ஸ்வேனபோல் ஆகியோர் உருவாக்கிய "ஃபிளாஷ்" என்னும் ஆய்வுச் சர்வர், வட்டு வேலைக்கென உதவிச் செயல்முறைகளைத் தனியே வைத்தது. நோட் ஜே.எஸ்.ஸும் இதற்கென இயல்பாக நான்கு த்ரெட்டுகளை வைத்துக்கொள்கிறது.

மற்றொரு குறை, எழுதும் முறையில் உள்ளது. நேராக எழுத வேண்டிய நிரலைத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டும் எங்கே நின்றது என்று நினைவில் வைக்க வேண்டும். பிழை எங்கே என்று தேடுவதும் கடினம். இதனைத் தீர்க்கப் புதிய மொழிகள் முயன்றுள்ளன. 2009 இல் அறிமுகமான கோ மொழியிலும், 2023 இல் வந்த ஜாவா 21 இன் மெய்நிகர் த்ரெட்டுகளிலும் நாம் பழைய பாணியில் நேராகவே எழுதலாம். அடியில் அந்த மொழியின் இயக்க அமைப்பு ஈ-போல் போன்ற வசதிகளைக் கொண்டு நிகழ்வு முறையில் நடத்திக்கொள்ளும்.

நிகழ்வு முறை ஒரு மந்திரமும் அன்று. மெதுவாக வருபவருக்கும் ஒரு கால வரம்பு வேண்டும். இல்லையெனில் குறிப்புகளே நினைவகத்தை நிரப்பிவிடும். தட்கல் டிக்கெட்டுக்குக் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் கூட்டம் கூடுகிறது. எந்த முறையில் சர்வரை எழுதினாலும் ரயிலில் ஒரு படுக்கை கூட அதிகமாகாது. எல்லோருடைய கேள்வியும் காதில் விழும் என்பது மட்டுமே இம்முறை தரும் உறுதி.

செய்து பார்ப்போம்

நண்பர்களே, இதனைப் படித்து நம்புவதை விடச் செய்து பார்ப்பது நன்று. நான் ஆய்வகத்தில் செய்து பார்த்த சோதனை இது; பத்தே நிமிட வேலை. பைத்தான் மொழியில், வந்த சொல்லை அப்படியே திருப்பி அனுப்பும் சிறு சர்வர் ஒன்றைத் தடுத்து நிறுத்தும் முறையில், த்ரெட் இல்லாமல் எழுதுங்கள். ஒரு திரையில் "நெட்கேட்" நிரலால் அதனுடன் இணைந்து, ஒன்றும் தட்டச்சு செய்யாமல் விட்டுவிடுங்கள். இரண்டாம் திரையிலிருந்து இணைந்து உங்கள் பெயரை அனுப்புங்கள். இணைப்பு கிடைக்கும், ஏனெனில் அதனைக் கெர்னலே ஏற்று வரிசையில் வைத்துவிடும். ஆனால் விடை வராது. முதல் திரையை மூடிய கணத்தில் இரண்டாம் திரையில் உங்கள் பெயர் திரும்பி வரும்.

பின்னர் அதே சர்வரைப் பைத்தானின் "செலக்டர்ஸ்" தொகுதியைக் கொண்டு மாற்றி எழுதுங்கள். ஏறக்குறைய முப்பது வரிகளில் முடியும். இப்போது முதல் திரையில் உள்ளவர் எத்தனை நேரம் வாளாவிருந்தாலும் இரண்டாம் திரைக்கு உடனே விடை வரும். பிறகு முதல் திரைக்குத் திரும்பி ஒரே ஓர் எழுத்தைத் தட்டி அனுப்பிப் பாருங்கள். அத்தனை நேரம் பேசாதிருந்த அவருக்கும் சர்வர் அதே கணத்தில் விடை சொல்லும்.